ரெக்கார்டைக் கணினியில் ஏற்ற: முதல் காசு முள்ளுக்கு, கடைசிக் காசு யுஎஸ்பி பெட்டிக்கு

கேள்வி இதுதான்: வீட்டில் ஏறக்குறைய நூறு இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் எல்பி (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் பெரிய தட்டு), கொஞ்சம் இபி (45 சுற்று ஓடும் சிறிய தட்டு), அடியில் ஒரு கட்டு 78 (78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு). எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டர்ன்டேபிள் ஒன்றும் இருக்கிறது. இவற்றைக் கணினியில் ஏற்ற எந்த யுஎஸ்பி கருவி வாங்கலாம், பழைய டர்ன்டேபிள் உதவுமா, 192 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளந்து) பதிய வேண்டுமா, ஒரு முள் எவ்வளவு காலம் வரும்?

யுஎஸ்பி கருவியைக் கடைசியில் பார்க்கலாம். தட்டிலிருந்து கணினிக்கு ஒலி வரும் வழியில் முதலில் முள்ளும் அதன் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜும், அடுத்து தட்டைச் சுழற்றும் மோட்டாரும் கையும், பிறகு அந்த மெலிந்த மின்சாரத்தைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப், கடைசியாக அனலாக் ஒலியை எண்ணாக மாற்றும் பெட்டி. எல்லாரும் விசாரிப்பது கடைசிப் பெட்டியைப் பற்றி. ஆனால் அதில்தான் இன்று கவலையே இல்லை. நல்ல நிலையில் உள்ள எல்பியிலேயே பாட்டுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 60, 70 டெசிபல் இடைவெளி இருந்தால் அதிகம். சாதாரண 16 பிட் பதிவு 96 டெசிபல் தாங்கும். சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிகூட ரெக்கார்டைவிடச் சுத்தமாகத்தான் இருக்கும். முள்ளில் கெட்டது அப்படியல்ல. பள்ளத்தின் சுவரைச் சரியாகத் தொடாத முள் உண்டாக்கும் கரகரப்பை எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் பட்ஜெட்டை முள்ளிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.

எந்த முள்

எல்பி, இபி இரண்டுக்கும் ஒரே முள் போதும். 78-க்கு வேறு முள் வேண்டும், இதில் சமரசமே கிடையாது. ஸ்டீரியோ எல்பிக்கான கூம்பு முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். பழைய மோனோ எல்பிக்கு 25 மைக்ரான். 78-க்கோ 65 முதல் 76 மைக்ரான் வரை. எல்பி முள்ளை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டுகொண்டு போகும். பாட்டு கேட்கும், ஆனால் அதைவிட உரசல் சத்தம் அதிகமாகக் கேட்கும். 78 முள்ளை எல்பியில் வைத்தாலோ பள்ளத்தின் விளிம்பைச் சீவிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தட்டைச் சரிசெய்ய வழியில்லை.

ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசையை இந்த வேலைக்குப் பரிந்துரைக்கக் காரணம், ஒரே உடலில் முள்ளை மட்டும் கழற்றி மாட்டலாம் என்பதுதான். சி என்பது கூம்பு முள், இ நீள்வட்ட முள், எம்எல் என்பது மைக்ரோ லீனியர், எஸ்பி என்பது 78-க்கான முள். எல்பிக்கு இ, 78-க்கு எஸ்பி என்று இரண்டு முள் வாங்கினால் உங்கள் சேகரிப்பு முழுவதற்கும் போதும். கையில் காசு இருந்தால் இ-க்குப் பதில் எம்எல் வாங்குங்கள். மெல்லிய விளிம்புள்ள அந்த முள், பழைய பிளேயர்களின் தடித்த முள் தேய்த்த இடத்தைத் தவிர்த்துப் பள்ளத்தின் சுவரில் வேறு இடத்தைத் தொடும் வாய்ப்பு அதிகம். வீட்டில் பல ஆண்டு ஓடித் தேய்ந்த தட்டுக்கு, பணம் போட்டதற்கு உடனே பலன் தெரிகிற இடம் இது. ஆனால் கூர்மையான முள் கீறலையும் அழுக்கையும்கூடத் துல்லியமாகவே படிக்கும், தட்டைக் கழுவாமல் எம்எல் முள் வாங்குவதில் அர்த்தமில்லை.

வித்தியாசத்தைச் சோதிக்க ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். 33⅓ வேகத்தில் எல்பியின் வெளி ஓரம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும். உள் ஓரத்தில் அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. பாடகி 'ஸ', 'ச' என்று உச்சரிக்கும் இடத்தில் காதை வையுங்கள். 'ஸ' என்று சுத்தமாக வந்தால் முள் பள்ளத்தைப் பிடித்திருக்கிறது. 'ஷ்ஷ்' என்று எச்சில் தெறிக்கிற மாதிரி வந்தால், முள் தேய்ந்திருக்கிறது, இல்லை எடை போதவில்லை, இல்லை கார்ட்ரிட்ஜ் கோணம் தப்பு. எந்தப் பக்கத்தைப் போட்டாலும் அப்படியே வந்தால் குற்றம் உங்கள் முள்ளில். ஒரே ஒரு தட்டில் மட்டும் வந்தால் அந்தத் தட்டை முன்பே யாரோ தேய்த்துவிட்டார்கள்.

முள்ளின் எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் அளவி இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விஎம்95இ-க்கு 2.0 கிராம், எஸ்பி முள்ளுக்கு 5.0 கிராம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடை குறைந்த முள் உரத்த இடங்களில் சுவரை விட்டுத் துள்ளித் திரும்ப மோதும். தேய்மானம் அங்கேதான். பல டர்ன்டேபிள்களில் கையின் பின்முனையில் உள்ள எதிர் எடையின் வளையம் 4 கிராமோடு நின்றுவிடும். 78 முள்ளுக்கு வளையத்தை மறந்து, அளவியைப் பார்த்தபடியே மேலும் திருகுங்கள். அப்படியும் எட்டவில்லையென்றால் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் மேல் ஒரு சிறு எடை ஒட்டினால் போதும்.

கார்ட்ரிட்ஜ் கோணம் பார்க்கும் புரொட்ராக்டர் தாளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். அச்சிட்டதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று 96 சதவீதமாகச் சுருக்கியிருந்தால் அந்தத் தாளால் கோணம் கெடத்தான் செய்யும்.

டர்ன்டேபிள்

அமெரிக்காவிலிருந்து வந்ததைப் பற்றி முதலில். அதைச் சுவர் பிளக்கில் நேராக மாட்டிவிடாதீர்கள். 110 வோல்ட் கருவி 230 வோல்ட்டில் ஒரு முறை மாட்டினாலே போய்விடும். சரி, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடலாம் என்றால், அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பெல்ட் டர்ன்டேபிள்களில் பல, மின்சாரத்தின் அலைவைப் பிடித்தே சுழலும் சிங்க்ரனஸ் மோட்டார் கொண்டவை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். பாட்டு ஒன்றரைக் கட்டை இறங்கி இழுக்கும். மோட்டார் தண்டில் மாட்டும் 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். கருவியின் பின்பக்கத் தகட்டில் 'குவார்ட்ஸ்' என்றோ 'டைரக்ட் டிரைவ்' என்றோ இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அதன் வேகத்தை உள்ளே இருக்கும் மின்சுற்றே தீர்மானிக்கிறது, வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும்.

வேகம் சரிபார்க்க இணையத்தில் ஸ்ட்ரோப் வட்டம் கிடைக்கும்: அதைச் சுழலும் தட்டின் மேல் வைத்தால், வேகம் சரியாக இருக்கும்போது மின்விளக்கின் துடிப்பில் அதன் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். 50 ஹெர்ட்ஸுக்கு 33⅓ வளையத்தில் 180 கோடு இருக்க வேண்டும். 216 கோடு இருந்தால் அது அமெரிக்காவுக்கானது, நம் விளக்கில் எப்போதும் தப்பாகவே காட்டும். 45-க்கு 133, 78-க்கு 77. எல்இடி பல்புகளில் பல துடிக்காமல் எரியும், அவற்றின் கீழ் ஸ்ட்ரோப் தெரியாது. பழைய குண்டு பல்போ நியான் டெஸ்டரோ தேவைப்படும்.

சினிமாப் பாட்டில் ஒரு சதவீத வேகப்பிழையைப் பலர் கவனிக்க மாட்டார்கள். கர்நாடக இசை எல்பியில் அப்படியல்ல. ஒரு சதவீதம் என்பது சுருதியில் 17 சென்ட், அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு. வேகம் நிலையாகத் தப்பியிருந்தால் பிறகு கணினியில் திருத்தலாம். வேகம் ஏறி இறங்குவதுதான் தீராத தொல்லை, அதைக் காட்டிக்கொடுக்க தம்புராவைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆலாபனை தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளைக் கேளுங்கள். நொடிக்குப் பாதிச் சுற்றாக, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு முறை சுருதி அசைந்தால், தட்டின் நடு ஓட்டை மையம் தவறியிருக்கிறது, இல்லை தட்டு வளைந்திருக்கிறது. அதைவிட வேகமாக நடுங்கினால் பெல்ட்டோ மோட்டாரோ காரணம். முதல் வகையை வேறு பிரதி கிடைத்தால் ஒழியச் சரிசெய்ய முடியாது. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் ஒரு புது பெல்ட் போதும்.

புதிதாக வாங்குவதென்றால், உங்களிடம் 78 இருப்பதால் தேர்வு குறுகிவிடுகிறது. மலிவான முழுத் தானியங்கி வகைகள், உதாரணமாக ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ், 33-ம் 45-ம் மட்டுமே ஓட்டும். எடையையும் மாற்ற முடியாது. வெறும் எல்பிக்கு அது மோசமில்லை. அதே நிறுவனத்தின் எல்பி120எக்ஸ்யுஎஸ்பி மூன்று வேகமும் ஓட்டும், டைரக்ட் டிரைவ், மேலே சொன்ன விஎம்95இ கார்ட்ரிட்ஜோடு வருகிறது, உள்ளேயே பிரீஆம்பும் யுஎஸ்பி வெளியீடும் உண்டு. எஸ்பி முள்ளை மட்டும் கூட வாங்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம். நூறு தட்டுக்கு நான் சொல்லும் சுருக்கமான விடை இதுதான். அதன் யுஎஸ்பி 16 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். முன்னே சொன்ன காரணத்தால் அது குறையே இல்லை. பின்னால் மேம்படுத்த நினைத்தால் உள் பிரீஆம்பை சுவிட்சில் அணைத்துவிட்டு வெளிப் பிரீஆம்ப் மாட்டலாம்.

வாங்கக் கூடாதவை: சூட்கேஸ் பிளேயர்கள், மரப்பெட்டியில் ரேடியோ, சிடி, கேசட்டோடு சேர்ந்து வருபவை, பென் டிரைவில் நேராக எம்பி3 எழுதித் தருபவை. இவற்றில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ், முள் எடை 5, 6 கிராம், சரிசெய்ய ஒரு திருகுகூட இருக்காது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் இருந்த பெட்டி பிளேயர்களும் செராமிக்தான். அவற்றை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், பதிவு செய்யப் பயன்படுத்த வேண்டாம்.

பிரீஆம்ப் ஏன் தேவை

டர்ன்டேபிள் வயரை நேராகக் கணினியில் செருகினால் ஒலி மெலிந்து, தகரத்தைத் தட்டுவது போல் வரும். இரண்டு காரணம். மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 4, 5 மில்லிவோல்ட். லைன் உள்ளீட்டுக்கு அதுபோல் நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்கம் வேண்டும். அதோடு, தட்டை வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், இல்லாவிட்டால் அடித்தொனியின் அகலத்துக்கு ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் கொள்ளாது. திரும்ப ஒலிக்கும்போது அதற்கு நேர்மாறாகத் திருத்த வேண்டும். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எல்லாரும் ஏற்றுக்கொண்ட திருத்தம்தான் ஆர்ஐஏஏ வளைவு. 1 கிலோஹெர்ட்ஸை வைத்துப் பார்த்தால், 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கூட்டும், 20 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். பிரீஆம்ப் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டு பிரீஆம்பை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவது. டர்ன்டேபிளின் உள் பிரீஆம்ப் 'லைன்' நிலையில் இருக்கும், வெளிப்பெட்டி 'ஃபோனோ' நிலையில் இருக்கும். ஒலி குமுறும், உடையும், பாடகர் கம்பளிக்குள் இருந்து பாடுவார். ஒரே ஒரு பிரீஆம்ப்தான் வேலை செய்ய வேண்டும்: சுவிட்ச் இரண்டிலும் 'ஃபோனோ', இல்லை இரண்டிலும் 'லைன்' என்று இருக்க வேண்டும்.

விவரக் குறிப்பில் பலர் தாண்டிப்போகும் ஒரு எண் உண்டு: கெபாசிட்டன்ஸ் (மின்தேக்குதிறன்). விஎம்95-க்கு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை இருக்க வேண்டும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜாக இருந்தால் 150 முதல் 300. கையின் வயர், ஆர்சிஏ கேபிள், பிரீஆம்பின் உள்ளீடு மூன்றும் சேர்ந்ததுதான் மொத்தம். வயரும் கேபிளுமே 150-ஐத் தொட்டுவிடும். அதோடு 200 பிகோஃபாரட் பிரீஆம்பையும் சேர்த்தால் உச்சத்தொனியில் ஒரு மேடு எழும்பி, பாட்டு காதைக் குத்தும். கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் குட்டையான கேபிளை மாட்டிப் பாருங்கள்.

பெட்டி

பழைய டர்ன்டேபிளையே சரிசெய்து வைத்துக்கொண்டால், பிரீஆம்பும் யுஎஸ்பியும் சேர்ந்த ஒரு பெட்டி போதும். பெரிங்கர் யுஎஃப்ஓ202 மலிவானது, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஃபோனோ-லைன் சுவிட்ச் உண்டு. பதிவின் ஒலி அளவைத் திருப்பும் குமிழ் இல்லை, வருகிறபடி எடுத்துக்கொள்ள வேண்டும். ஏஆர்டி யுஎஸ்பி ஃபோனோ பிளஸ் கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் குமிழும், ஒலி எல்லை மீறினால் எரியும் விளக்கும், மோட்டார் உறுமலைக் குறைக்கும் வடிகட்டியும் அதில் உண்டு. கடைசியாகச் சொன்ன இரண்டுக்காகவே அது கூடுதல் விலைக்குத் தகும்.

இன்னொரு வழி, தனிப் பிரீஆம்பும், வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் வைத்திருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யுஎம்சி202எச்டி போன்றவை 24 பிட்டில் பதியும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடார் உள்ளீட்டுக்கான 'இன்ஸ்ட்' பொத்தானை அணைத்து வையுங்கள். கேபிள் வாங்கும்போது கவனம் தேவை: ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக, ஆர்சிஏயிலிருந்து 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக்குக்குப் போகும் இரண்டு கேபிள் வேண்டும். கடைக்காரர் ஒரே ஸ்டீரியோ பிளக் உள்ள ஒய் கேபிளைக் கையில் திணிப்பார். அதை ஒரு உள்ளீட்டில் செருகினால் இன்டர்ஃபேஸ் அதை பேலன்ஸ்டு சிக்னல் என்று நினைத்து, இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். மோனோ தட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. ஸ்டீரியோ தட்டில் நடுவில் இருக்கும் பாடகர் மட்டும் காணாமல் போய், வயலினும் எதிரொலியும் மிஞ்சும். இந்த விசித்திரம் நடந்தால் தட்டைச் சந்தேகிக்க வேண்டாம், கேபிளைப் பாருங்கள்.

மடிக்கணினியின் சிறிய துளையில் நேராகச் செருகலாமா என்றும் கேட்பார்கள். இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ஹெட்செட் துளை. அதன் மைக் பகுதி மோனோ, மேலும் மைக்குக்கான மின்னழுத்தமும் அதில் வந்துகொண்டிருக்கும். மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்டு கார்டுகளின் இளஞ்சிவப்பு மைக் துளையும் இதே கதைதான். விஎச்எஸ் வீடியோ கேசட்டை ஏற்ற விற்கும் மூன்று நிற வயர் யுஎஸ்பிகளையும் தொடாதீர்கள்.

இனி 192 கிலோஹெர்ட்ஸ். தேவையில்லை. 24 பிட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒலி அளவைத் தாழ்த்தி வைத்தாலும் நுணுக்கம் போகாது என்ற ஒரே காரணத்துக்காக. 96 கிலோஹெர்ட்ஸ் ஒரு காரியத்துக்கு மட்டும் உண்மையிலேயே உதவும்: ஊசிக்குத்து மாதிரியான டக் சத்தங்கள் அதில் இன்னும் கூர்மையாகப் பதிவதால், அவற்றை நீக்கும் மென்பொருள் பாட்டின் மிருதங்க அடியோடு குழப்பிக்கொள்வது குறைகிறது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 34.6 எம்பி ஆகும். 40 நிமிட எல்பிக்கு 1.4 ஜிபி, நூறு எல்பிக்கு 140 ஜிபி. 16 பிட், 44.1-இல் நிமிடத்துக்கு 10.6 எம்பிதான். இரண்டையும் ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் பாதியளவுக்குச் சுருங்கும், ஒலியில் ஒன்றும் குறையாது.

உறுமலும் கூவலும்

எல்லாவற்றையும் இணைத்ததும் முதலில் வருவது 'ம்ம்ம்' என்ற உறுமல். டர்ன்டேபிளிலிருந்து வரும் ஆர்சிஏ வயரோடு ஒரு மெல்லிய எர்த் வயரும் தொங்கும். அதைப் பிரீஆம்பின் திருகில் மாட்டுங்கள். மாட்டியும் உறுமினால் முள் தாங்கிய கையின் உலோகப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் மாறினால் அந்த எர்த் வயர் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. தொட்டும் மாறாவிட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நம் பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், அதன் மூன்றாவது ஓட்டையில் எர்த் இருக்காது. சார்ஜரிலிருந்து கசியும் மின்சாரம் யுஎஸ்பி வழியாக ஒலியில் கலக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் 'ஙீஈ' என்று சன்னமாகக் கூவினால் அது யுஎஸ்பியின் சொந்தச் சத்தம், கணினியின் வேறு துளையிலோ தனியாக மின்சாரம் பெறும் ஹப்பிலோ மாட்டினால் பெரும்பாலும் குறையும்.

பதியும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக முள்ளுக்குப் போய்த் திரும்பப் பதிவாகும். ஆடும் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே, இரும்பு பீரோவின் மேல் வைப்பதும் இதே தொல்லைதான்.

கழுவுவது

கடற்கரை ஊர்களில் உறையோடு தட்டிலும் பூஞ்சை பிடித்திருக்கும். துடைத்தால் பூஞ்சை பள்ளத்துக்குள் அழுந்திவிடும், கழுவத்தான் வேண்டும். வடிகட்டிய நீரில் ஓரிரு சொட்டு மணமில்லாத சோப்புத் திரவம், மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்து, பிறகு வெறும் வடிகட்டிய நீரில் இரண்டு முறை அலசல். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் சுண்ணாம்பு படிந்து, இருந்ததைவிட அதிகமாகப் பொரியும். நடு லேபிளில் நீர் படாமல் பிளாஸ்டிக் மூடியால் அழுத்திக்கொள்ளுங்கள். எல்பியில் எண்ணெய்க் கறை இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பத்து சதவீதம் கலக்கலாம். 78-க்கு ஆல்கஹால் ஒரு சொட்டும் ஆகாது. அது அரக்கில் செய்தது, அரக்கு ஆல்கஹாலில் கரையும்.

பதிவு

மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம், போதுமானது. விண்டோஸில் அதன் ஹோஸ்ட்டை (விண்டோஸிலிருந்து ஒலியை வாங்கும் வழியை) டபிள்யூஏஎஸ்ஏபிஐ என்று மாற்றுங்கள், எம்எம்இ-யில் விட்டால் 24 பிட் உண்மையில் வராது. சில யுஎஸ்பி பெட்டிகளை விண்டோஸ் மைக் என்று எண்ணி ஒரே சேனலாக வைத்துவிடும். ஒலி அமைப்புகளில் இரண்டு சேனல் என்று மாற்றி, 'மேம்பாடுகள்' எல்லாவற்றையும் அணையுங்கள். எதிரொலி நீக்கம், தானியங்கி ஒலி அளவு ஆகியவை பேச்சுக்காக வைத்தவை, நாதஸ்வரத்தை அவை சித்திரவதை செய்யும்.

தட்டின் உரத்த இடத்தைத் தேடி அங்கே ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, பிறகு இரண்டு பக்கமும் முடியும்வரை குமிழைத் தொடாதீர்கள். ஒரு டக் சத்தம் எல்லையைத் தாண்டினால் பரவாயில்லை, அதை எப்படியும் நீக்கத்தான் போகிறோம். ஒரு பக்கத்தை முழுதாக ஒரே கோப்பாகப் பதியுங்கள். பாட்டு வாரியாகப் பிரிப்பது பிறகு. பதிந்த மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே தனியாக வைத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். கோப்பின் பெயரில் லேபிளில் உள்ள தட்டு எண்ணைச் சேருங்கள், ஒரே படத்துக்கு இபியும் எல்பியும் கதை வசனத் தட்டும் இருக்கும்போது அது இல்லாமல் தேட முடியாது.

மோனோ தட்டாக இருந்தால் இரண்டு சேனலையும் கூட்டி ஒன்றாக்குங்கள். மோனோப் பள்ளம் பக்கவாட்டில்தான் அசையும், மேலும் கீழும் அசைவது தூசியும் உரசலும் மட்டுமே. கூட்டினால் அந்த மேல்-கீழ் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூட்டியதும் பாட்டு தெளிவதற்குப் பதில் மெலிந்துபோனால் கார்ட்ரிட்ஜின் ஒரு பக்க வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. அதே போல, ஒரு சேனல் தேய்ந்து மற்றது நன்றாக இருந்தால், கூட்டாமல் நல்ல சேனலை மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

டக் சத்தங்களை ஆடாசிட்டியின் ரிப்பேர் கருவியால் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம், ஒரு நேரத்தில் 128 சாம்பிள் (ஒலி அளவீடு) வரைதான் அது எடுக்கும். நூறு தட்டுக்கு அது முடியாத காரியம். அல்பைன்சாஃப்டின் வினைல்ஸ்டூடியோ மாதிரி இதற்கென்றே உள்ள மென்பொருளை வாங்கிவிடுங்கள். இரைச்சல் நீக்கியை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். அது தின்பது முதலில் தம்புராவை, அடுத்து எதிரொலியை.

78 கட்டு

நம் நாட்டில் 78 தட்டுகள் மற்ற இடங்களைவிட நெடுநாள் வந்தன. அறுபதுகளின் நடுவில் பீட்டில்ஸ் பாடல்களைக்கூட இங்கே 78-இல் போட்டார்கள். அதனால் உங்கள் கட்டில் முப்பதுகளின் தட்டும் அறுபதுகளின் தட்டும் கலந்திருக்கலாம், இரண்டுக்கும் ஒரே வளைவு பொருந்தாது. பழைய தட்டுகள் ஆர்ஐஏஏ வருவதற்கு முன்பே வெட்டப்பட்டவை. அவற்றில் பலவற்றில் அடித்தொனித் திருத்தம் 500 ஹெர்ட்ஸுக்குப் பதில் 250, 300 ஹெர்ட்ஸில் தொடங்கும், உச்சத்தொனியில் கூட்டலே இருக்காது. அதை ஆர்ஐஏஏ பிரீஆம்ப் வழியாகக் கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் வீணாகக் குறைந்து, அடித்தொனி ஊதிப்போய் இருக்கும். உங்கள் பிரீஆம்பில் வளைவை மாற்ற வழி இல்லாவிட்டால் அப்படியே பதிந்துகொண்டு, ஆடாசிட்டியின் வளைவுச் சமநிலைக் கருவியில் ஆர்ஐஏஏ-யைத் தலைகீழாகப் போட்டு நீக்கிவிட்டு, பிறகு பழைய வளைவைப் போடுங்கள். எது சரி என்பதைப் பாடகரின் குரலை வைத்துத் தீர்மானியுங்கள். குரல் மார்பிலிருந்து வருவதுபோல் இருக்க வேண்டும், பானைக்குள்ளிருந்து வந்தால் அடித்தொனி அதிகம்.

78 வேகம் இல்லாத டர்ன்டேபிளில் 45-இல் பதிந்து, கணினியில் வேகத்தைக் கூட்டவும் முடியும். ஆடாசிட்டியின் வேக மாற்றக் கருவியில் 45-இலிருந்து 78 என்று நேராகவே தேர்ந்தெடுக்கலாம். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் ஆர்ஐஏஏ நீக்கம், அடுத்து வேகம், கடைசியில் பழைய வளைவு. வேகத்தை முதலில் மாற்றினால் பிரீஆம்ப் போட்ட திருத்தம் வேறு அலைவெண்ணுக்கு நகர்ந்துவிடும், பிறகு அதைச் சரியாக நீக்க முடியாது. வளைந்த 78-க்கு 45 வேகமே நல்லது, முள் எகிறிக் குதிப்பது குறையும்.

முள்ளின் ஆயுளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விஎம்95இ-க்கு நிறுவனம் சொல்வது 300 மணி நேரம், எம்எல் முள்ளுக்கு 1000. நூறு எல்பியை ஒருமுறை ஓட்ட சுமார் 67 மணி நேரம் ஆகும். புது முள் ஒன்று வாங்கினால் மொத்த வேலையும் முடிந்த பிறகும் மிச்சம் இருக்கும். பழைய டர்ன்டேபிளோடு வந்த முள் எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் தெரியாது என்பதால், எதற்கும் அதை முதல் தட்டில் வைப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.